மயிர் சொல்லும் சாட்சி

ஒருவன் எந்தச் சீமையில் பிறந்தான், என்ன தின்று வளர்ந்தான், எந்தத் தண்ணீரைக் குடித்தான், எப்படிப்பட்ட நிலையில் வாழ்ந்து செத்தான் என்கின்ற விஷயங்களை அறிய வேண்டுமானால் நம் மக்கள் என்ன செய்கின்றார்கள்? ஜாதகத்தை எடுத்து வா என்கின்றார்கள். தலபுராணத்தைப் புரட்டு என்கின்றார்கள். இல்லாவிட்டால் ஊர்க் கிழவர்கள் சொல்லுவதைக் கேள் என்கின்றார்கள். இவை மூன்றும் மனிதன் வாயால் சொன்னதும் கையால் எழுதினதுமே தவிர வேறல்ல. சொல்லுகின்றவனுக்கு அதில் ஒரு பிழைப்பு இருக்குமானால் அவன் சொல்லும் அந்தப் பிழைப்புக்குத் தக்கபடியேதான் இருக்கும். செத்துப்போனவன் எழுந்து வந்து "அப்படியல்ல" என்று மறுக்கப் போவதில்லை என்கின்ற தைரியமே இப்படிப்பட்டவர்களுக்கு இதுநாள் வரை மூலதனமாய் இருந்து வந்தது.

இப்பொழுது அந்த மூலதனத்துக்கு ஆபத்து வந்துவிட்டது. செத்தவன் எழுந்து வராவிட்டாலும், அவனுடைய தலைமயிரும் பல்லும் எலும்பும் வந்து சாட்சி சொல்லுகின்றன. சவரக்கடையில் கூட்டித் தள்ளுகின்ற மயிர் ஒவ்வொன்றும் அதற்குரியவன் சென்ற சில மாதங்களில் தின்றதற்கும் குடித்ததற்கும் எழுதி வைத்த கணக்கு என்றால் அநேகர் நம்ப மாட்டார்கள். நாம் சொல்லுவதற்காக யாரும் நம்ப வேண்டியதில்லை. காரணத்தைச் சொல்லுகின்றோம், யோசித்துப் பார்த்து, சரியென்று பட்டால் ஒப்புக்கொள்ளட்டும்.

நம் உடம்பு எதனால் ஆனது? தின்ற ஆகாரத்தாலும் குடித்த தண்ணீராலும் இழுத்த மூச்சாலும் ஆனதே தவிர வேறு எதனாலும் ஆனதல்ல. ஆகாரத்தில் உள்ள கார்பன் அணுக்களே சதையாகவும் மயிராகவும் ஆகின்றன. ஆனால் கார்பன் அணுக்கள் எல்லாம் ஒரே எடையுள்ளவை அல்ல. 100-க்கு ஏறத்தாழ 99 அணுக்கள் 12 என்னும் எடையுள்ளவை. ஏறத்தாழ 1 அணு 13 என்னும் எடையுள்ளது. இரண்டும் கார்பன்தான், குணத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான். எடை மட்டுமே வேறு. இவ்விதம் ஒரே மூலகத்தில் எடை மாறியிருக்கும் அணுக்களுக்கு 1913-இல் பிரடெரிக் சாடி என்னும் விஞ்ஞானி ஐசோடோப்பு என்று பெயர் கொடுத்தார். ஐசோடோப்புகளில் சில தாமாகவே சிதைந்து வேறு பொருளாய் மாறிவிடும். மற்றவை எத்தனை ஆயிரம் ஆண்டு ஆனாலும் சிதையாமல் நிலைத்திருப்பவை. நாம் சொல்ல வந்தது இந்த நிலையான வகையைப் பற்றியே ஆகும். நைட்ரஜனிலும், பிராணவாயுவாகிய ஆக்ஸிஜனிலும், ஹைட்ரஜனிலும் இப்படியே இலேசானதும் கனமானதும் உண்டு. கனமான ஹைட்ரஜனைக் கண்டுபிடித்ததற்காக ஹெரால்டு யூரே என்பவருக்கு 1934-இல் நோபல் பரிசு கொடுக்கப்பட்டது.

நிற்க, இனி வயலுக்கு வருவோம். நெல், கோதுமை, துவரை, உளுந்து, உருளைக்கிழங்கு, தென்னை, பனை ஆகியவை ஒரு வகைப் பயிர்கள். கம்பு, சோளம், கேழ்வரகு, வரகு, சாமை, தினை, மக்காச்சோளம், கரும்பு ஆகியவை மற்றொரு வகை. முதல் வகை காற்றில் உள்ள கரியமில வாயுவை எடுக்கும்பொழுது கனமான கார்பனைப் பெரும்பாலும் ஒதுக்கிவிட்டு இலேசானதையே பொறுக்கி எடுக்கின்றது. இரண்டாவது வகையோ அந்த வாயுவை முதலில் வேறொரு முறையில் பிடித்து, இலைக்குள் ஓர் உள்ளறையில் கொண்டுபோய் அடைத்து வைத்துப் பிறகு உபயோகிக்கின்றது. அடைத்த அறைக்குள் பொறுக்கித் தள்ளுவதற்கு அவ்வளவு இடமில்லை. ஆதலால் விஞ்ஞானிகள் வைத்திருக்கும் பொது அளவுகோலுக்கு நெல் வகையில் கனமான கார்பன் ஆயிரத்துக்குச் சுமார் 27 பங்கு குறைந்தும், கம்பு வகையில் சுமார் 13 பங்கு மட்டுமே குறைந்தும் காணப்படுகின்றது. சோறு தின்கின்றவன் உடம்பிலும் கூழ் குடிக்கின்றவன் உடம்பிலும் இந்த வித்தியாசம் அப்படியே போய்ப் பதிகின்றது.

இதை யாரும் ஞானக் கண்ணால் கண்டு சொல்லவில்லை. அமெரிக்காவில் மைக்கேல் டிநீரோ, சாமுவேல் எப்ஸ்டீன் என்னும் இருவர் எலி, ஈ, நத்தை முதலியவைகளுக்கு இன்ன ஆகாரம் என்று தெரிந்த ஒன்றையே போட்டு வளர்த்து, ஆகாரத்தையும் உடம்பையும் தனித்தனியே சோதித்தார்கள். கார்பனைப் பொறுத்தவரை பிராணியின் உடம்பு சராசரியாக ஆகாரத்தைவிட ஆயிரத்துக்கு ஏறத்தாழ 1 பங்கு மட்டுமே கனத்திருக்கின்றது என்று 1978-இல் வெளியிட்டார்கள். 1981-இல் நைட்ரஜனைப் பற்றியும் வெளியிட்டார்கள். உடம்பானது கழிவோடு இலேசான நைட்ரஜனை அதிகமாக வெளியே தள்ளிக் கனமானதை நிறுத்திக்கொள்ளுகின்றபடியால், புல்லைவிட ஆடும், ஆட்டைவிட அதைத் தின்கின்ற ஓநாயும் ஒவ்வொரு படி உயர்ந்திருக்கும். ஒரு படி என்பது ஆயிரத்துக்குச் சுமார் 3 பங்கு. தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகூடத் தாயைவிட ஒரு படி மேலே நிற்கின்றது. ஏனெனில் அது தின்பது தாயின் உடம்பையே அல்லவா?

தண்ணீரின் கணக்கு வேறு விதமானது. கடலிலிருந்து மேகம் புறப்பட்டு உள்நாட்டை நோக்கிப் போகும்பொழுது கனமான தண்ணீர் முந்தி மழையாய் இறங்கிவிடுகின்றது. உள்ளே போகப் போக, மலைமேல் ஏற ஏற, மிச்சமிருக்கும் மழை இலேசாகிக்கொண்டே போகின்றது. ஆகையால் கடற்கரைக் கிணற்றுத் தண்ணீரும் உயர்ந்த மலைச் சுனைத் தண்ணீரும் பார்வைக்கு ஒன்றாயிருந்தாலும் நிறையில் ஒன்றல்ல. ஓடையில் குடிக்கும் மாடு அந்த ஓடையின் அடையாளத்தைத் தன் பல்லில் வைத்துக்கொள்ளுகின்றது. தண்ணீர் குடிக்காமல் இலையின் ஈரத்திலேயே காலம் தள்ளும் பிராணி, வெயிலில் ஆவி போய்க் கனத்துப்போன அந்த இலைத் தண்ணீரின் அடையாளத்தை வைத்துக்கொள்ளுகின்றது.

இதில் மற்றொரு சௌகரியமும் இருக்கின்றது. பல்லின் மேல் பூச்சு சிறு வயதில் உண்டாகிப் பிறகு மாறுவதில்லை. ஆகவே அது பால்யத்துக்குச் சாட்சி. எலும்பு மெதுவாகப் புதுப்பிக்கப்பட்டு வருவதால் கடைசிப் பல ஆண்டுகளுக்குச் சாட்சி. மயிரோ மாதம் ஒன்றுக்கு ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் வளர்வது. வெளியே வந்த பிறகு மாறாதது. ஆகவே வேரிலிருந்து நுனிவரை அளந்து அளந்து வெட்டிச் சோதித்தால் மாதவாரியான நாட்குறிப்பே கிடைத்துவிடுகின்றது. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று பழமொழி சொல்லுகின்றது. மனம் மறந்தாலும் மயிர் மறக்காது என்பதுதான் விஞ்ஞானம் அதற்குச் சொல்லும் அர்த்தம்.

இந்தச் சாட்சி ராஜா என்றும் ஏழை என்றும் பார்ப்பதில்லை. இங்கிலாந்தை 1483 முதல் 1485 வரை ஆண்ட மூன்றாம் ரிச்சர்டு என்னும் அரசனுடைய எலும்புக்கூடு 2012-இல் லெஸ்டர் நகரத்தில் மோட்டார் வண்டிகள் நிறுத்தும் ஓர் இடத்துக்கு அடியில் கிடைத்தது. அவன் பல்லையும், தொடை எலும்பையும், விலா எலும்பையும் சோதித்து 2014-இல் முடிவை வெளியிட்டார்கள். விலா எலும்பு சீக்கிரம் புதுப்பிக்கப்படுவதால் கடைசிச் சில ஆண்டுகளைச் சொல்லும். அந்தச் சில ஆண்டுகளில் அவனுடைய ஆகாரம் உயர்ந்துவிட்டது என்றும், பறவை இறைச்சியும் மீனும் கூடிவிட்டன என்றும், குடித்தது வெறும் தண்ணீராய் இல்லாமல் திராட்சை மது மிகுந்துவிட்டது என்றும் தெரியவந்தது. சிம்மாசனம் ஏறின கதையை அவனுடைய விலா எலும்பே எழுதி வைத்திருந்தது.

நிற்க, அரசனுடைய மதுவைப் பற்றித் தெரிந்து நமக்கு ஆக வேண்டியது ஒன்றுமில்லை. நாம் முக்கியமாய்ச் சொல்ல வந்தது ஒரு குடியானவப் பெண்ணைப் பற்றியே.

தென் அமெரிக்காவில் அர்ஜென்டினா தேசத்து எல்லையில் யுயாய்யாகோ என்று ஓர் எரிமலை இருக்கின்றது. உயரம் 6,739 மீட்டர். அதன் உச்சியில் 1999-இல் ஜோஹான் ரெயின்ஹார்டு, கான்ஸ்டன்சா செருட்டி என்னும் இரு ஆராய்ச்சியாளர்கள் மூன்று குழந்தைகளின் உடல்களைத் தோண்டி எடுத்தார்கள். சுமார் 500 ஆண்டுகளுக்கு முன் இன்கா அரசர்களின் காலத்தில் கபகோச்சா என்னும் சடங்கில் மலைக்கும் தெய்வத்துக்கும் பலியாக வைக்கப்பட்டவர்கள் அவர்கள். மூத்தவள் சுமார் 13 வயதுப் பெண். மற்ற இருவர், ஓர் ஆணும் ஒரு பெண்ணும், ஐந்து வயதை ஒட்டியவர்கள். மலையின் குளிரில் உடல் கெடாமல், உட்கார்ந்தபடியே தூங்குகின்றவர்கள் போல் இருந்தார்கள். சிறிய பெண்ணின் உடல் மட்டும் செத்த பிறகு எப்பொழுதோ விழுந்த இடியால் கருகியிருந்தது. தனக்கு வைத்த காணிக்கையையே இடியிலிருந்து காப்பாற்றிக்கொள்ளத் தெரியாத தெய்வம், காணிக்கை வைத்த ஜனங்களை எதிலிருந்து காப்பாற்றப் போகின்றது என்று அக்காலத்தில் யாராவது கேட்டிருந்தால், அடுத்த ஆண்டு மலைமேல் ஏற்றப்படுகின்றவர்கள் வரிசையில் அவன் வீட்டுக் குழந்தை முதலில் நின்றிருக்கலாம்.

இந்தச் சடங்கைப் பற்றி எழுதி வைத்தவர்கள் யார்? அந்த நாட்டைப் பிடித்துக்கொண்ட ஸ்பானியர்கள். பெர்னபே கோபோ என்னும் பாதிரியார் 1653-இல் எழுதியதில், சுமார் பத்து வயதுப் பெண்களை அதிகாரிகள் ஊர் ஊராய்ப் பொறுக்கிக்கொண்டு போவார்கள் என்றும், சிலர் பிரபுக்களுக்கு மனைவிகளாகவும் சிலர் பலியாகவும் கொடுக்கப்படுவார்கள் என்றும், பெற்றவர்கள் துக்கம் காட்டுவது பெரிய குற்றம் என்றும் காணப்படுகின்றது. இது உண்மையா? பாதிரியாருக்கும் ஒரு பிழைப்பு இருந்தது. பிறர் மதத்தை எவ்வளவு கொடியதாகக் காட்டுகின்றோமோ அவ்வளவுக்குத் தன் மதம் பரிசுத்தமாய்த் தோன்றும் என்பது எல்லா மதக்காரர்களுக்கும் தெரிந்த வித்தை. அதே காலத்தில் அவருடைய மதத்தின் பேரால் மனிதர்களை உயிரோடு கொளுத்திக் கொண்டிருந்தார்கள் என்பதை நாம் மறக்கவில்லை. ஆகையால் அவர் சொன்னார் என்பதற்காக மட்டும் நாம் நம்பத் தயாராயில்லை. மறுபக்கத்தில், அது கொலையல்ல, குழந்தைகளுக்குக் கிடைத்த பெரும் மரியாதை, தெய்வத்தின் கூட்டத்தில் சேர்ந்த பாக்கியம் என்று சொல்லக்கூடியவர்களையும் நம்பத் தயாராயில்லை. இருவருக்கும் இலாபம் உண்டு. இலாபம் இல்லாத சாட்சி ஒன்றுதான். அது அந்தப் பெண்ணின் தலைமயிர்.

அந்த மயிரை ஆராய்ந்து, 2007-இல் ஆண்ட்ரூ வில்சன் என்பவரும் அவருடைய கூட்டத்தாரும் வெளியிட்டார்கள். மயிரின் நுனிப்பக்கம், அதாவது சாவதற்கு ஒரு வருஷத்துக்கு முன் வளர்ந்த பாகம், உருளைக்கிழங்கு முதலிய சாதாரண ஆகாரத்தையே காட்டுகின்றது. இறைச்சி மிகக் குறைவு. ஆகவே அவள் குடியானவர் வீட்டுப் பெண் என்று கருதுகின்றார்கள். சாவதற்குச் சுமார் 12 மாதங்களுக்கு முன் கணக்கு திடீரென்று மாறுகின்றது. கார்பன் கனக்கின்றது, அதாவது மக்காச்சோளம் வந்துவிட்டது. நைட்ரஜன் உயர்கின்றது, அதாவது இறைச்சி வந்துவிட்டது. அந்நாட்டில் மக்காச்சோளமும் லாமா இறைச்சியும் உயர்ந்தவர்களின் ஆகாரம். கடைசி 3, 4 மாதங்களில் அடையாளங்கள் மறுபடியும் மாறுகின்றன. தலைநகரமாகிய கூஸ்கோவிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்ட அந்த மலைக்கு யாத்திரை புறப்பட்டதற்கு இது அடையாளம் என்று கொள்ளுகின்றார்கள்.

அதே மயிரில் போதை வஸ்துக்களையும் தேடிப் பார்த்து 2013-இல் வெளியிட்டார்கள். அதே 12 மாதங்களில் கோகா இலையின் சத்து ஏறி, சாவுக்கு ஆறு மாதத்துக்கு முன் உச்சத்தில் நிற்கின்றது. கடைசிச் சில வாரங்களில் மது உச்சத்துக்குப் போகின்றது. அவள் பல்லிடையில் மென்ற கோகா இலை அப்படியே இருந்தது. போதையில் மயங்கிய நிலையில் உச்சிக் குளிரில் உட்கார வைக்கப்பட்டு உயிர் போயிருக்க வேண்டும் என்பது அவர்களுடைய அபிப்பிராயம்.

இப்பொழுது யோசித்துப் பாருங்கள். இது ஏதோ பஞ்சத்திலோ பயத்திலோ ஒருநாள் புத்தி கெட்டுச் செய்த காரியமா? அல்லவே அல்ல. ஒரு வருஷத் திட்டம். இன்ன பெண் என்று குறித்து, வீட்டைவிட்டுப் பிரித்து, ஆகாரத்தை மாற்றி, போதையைக் கூட்டி, நடத்திக்கொண்டு போய்ச் செய்த காரியம். அவளை நன்றாகத்தானே வைத்திருந்தார்கள், அரசர் உண்பதை அவளுக்கும் கொடுத்தார்களே என்று சொல்லுகின்றவர்கள் உண்டு. கிடாய்க்குக்கூடத்தான் வெட்டுகின்றவரையில் நல்ல தழை கட்டுகின்றார்கள். தழையைக் கொண்டுவந்தவன் கருணையுள்ளவன் என்று கிடாய் நினைக்கலாம். நாமும் நினைக்க வேண்டுமா? மற்றும், அவள் மனமுவந்து சென்றாள் என்பவர்களுக்கு நாம் கேட்பது ஒன்றே. மனமுவந்து சென்றவளுக்கு அவ்வளவு மது எதற்கு?

இந்த இடத்தில் நாம் நியாயமாய் ஒன்றைச் சொல்ல வேண்டும். மயிர் அவள் மனத்தைச் சொல்லாது. பயந்தாளா, அம்மாவை நினைத்து அழுதாளா, பெருமைப்பட்டாளா என்பது அதில் இல்லை. இதுமட்டுமல்ல, இந்தச் சோதனைக்கு வேறு எல்லைகளும் உண்டு. கம்பா, கரும்பா, மக்காச்சோளமா என்று கார்பன் மட்டும் பிரித்துச் சொல்லாது. கடல் மீன் தின்கின்றவன் உடம்பும் கார்பன் கனத்துத்தான் இருக்கும். பட்டினி கிடக்கின்றவன் தன் சதையைத் தானே கரைத்துத் தின்பதால், இறைச்சி தின்றவன்போல் அவன் நைட்ரஜன் உயரும். காய்ச்சின பானத்துக்கும் பச்சைத் தண்ணீருக்கும் வித்தியாசம் உண்டு. ஆகையால் ஒரே அடையாளத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்லாமல், நான்கைந்தைச் சேர்த்துப் பார்த்து, இன்ன ஊர் என்று சொல்லாமல் இன்ன வகைப்பட்ட இடம் என்றே சொல்லுகின்றார்கள். இந்த எல்லைகளை எடுத்துச் சொன்னவர்கள் எதிரிகள் அல்ல. அந்த ஆராய்ச்சிக்காரர்களே ஆவார்கள். தனக்கு இவ்வளவுதான் தெரியும் என்று ஒப்புக்கொண்ட ஜோசியனை எங்காவது கண்டதுண்டா? அறிவுக்கும் ஆரூடத்துக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

கடைசியாக நம் வாசகர்கள் கவனிக்க வேண்டிய வேடிக்கை ஒன்று இருக்கின்றது. இன்கா நாட்டில் மக்காச்சோளம் மேலோர் ஆகாரம். உருளைக்கிழங்கு ஏழை ஆகாரம். நம் நாட்டிலோ நெல்லுச் சோறு மேலோர் ஆகாரமாகவும், கம்பும் கேழ்வரகும் ஏழை ஆகாரமாகவும் வெகுகாலம் இருந்து வந்தது. நெல்லுச் சோறு தீபாவளிக்குத்தான் என்று இருந்த குடும்பங்கள் எத்தனை! ஆனால் கார்பன் கணக்கில் இன்கா அரசனின் மக்காச்சோளமும் நம் குடியானவனின் கம்பங்கூழும் ஒரே வகை. நம் மிராசுதாரரின் நெல்லும் அந்நாட்டு ஏழையின் உருளைக்கிழங்கும் ஒரே வகை. ஒரு சீமையில் உயர்வு என்பது மற்றொரு சீமையில் தாழ்வாகின்றது. அப்படியானால் உயர்வு தாழ்வு தானியத்தில் இருக்கின்றதா? மயிரில் இருக்கின்றதா? எலும்பில் இருக்கின்றதா? எந்த எலும்பைச் சுரண்டிப் பார்த்தாலும் என்ன தின்றான், எங்கே குடித்தான் என்பது கிடைக்கின்றதே தவிர, உயர்ந்தவன் தாழ்ந்தவன் என்கின்ற எழுத்து ஒன்றும் கிடைப்பதில்லை. அதை எழுதினவன் மனிதன். அதனால் சாப்பிட்டவனும் மனிதன்.

அந்தப் பெண்ணின் உடல் இப்பொழுது சால்டா நகரத்துப் பொருட்காட்சிச் சாலையில் குளிரூட்டிய பெட்டியில் இருக்கின்றது. அவளைப் பலர் பார்க்க வைத்திருப்பது முறையா என்று அந்நாட்டுப் பூர்வகுடி மக்களில் சிலர் ஆட்சேபிக்கின்றார்கள். ஆட்சேபிக்க வேண்டியதுதான். உயிரோடு இருந்தபொழுது யாரும் அவள் சம்மதத்தைக் கேட்கவில்லை. செத்த பிறகாவது அவள் வேடிக்கைப் பொருளாகக் கூடாது என்பது நியாயமே. ஆனால் அவள் தலைமயிர் சொன்ன சாட்சியை மட்டும் எந்தப் பெட்டியிலும் போட்டு மூடிவிடக் கூடாது. 500 ஆண்டுகளாய் வாயில்லாமல் கிடந்தவள் அவள். அவள் பேரால் அரசன் பேசினான், பூசாரி பேசினான், பாதிரியும் பேசினான். கடைசியில் அவள் தின்ற கிழங்கும், அவளுக்கு ஊட்டின சோளமும், குடிக்கக் கொடுத்த மதுவுமே அவளுக்காகப் பேசின.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம் என்று இனி யாரும் எண்ண வேண்டாம். சோறே காட்டிக் கொடுத்துவிடும். பக்தியின் பேராலும் பாக்கியத்தின் பேராலும் குழந்தைகளைக் காவு கொடுத்துவிட்டுக் கதை எழுதி வைத்தால் போதும் என்று இருந்தவர்களுக்கு மட்டுமல்ல, அந்தக் கதையைக் கேட்டுத் தலையாட்டிக் கொண்டிருந்தவர்களுக்கும் இது ஒரு பாடமாகும். ஒரு காரியத்தைப் பற்றி அதனால் இலாபம் அடைகின்றவன் சொல்லுவதை ஒருபுறம் வைத்துவிட்டு, அதனால் நஷ்டப்பட்டவனுடைய உடம்பு என்ன சொல்லுகின்றது என்று பார்க்க ஒவ்வொருவரும் பழகிக்கொள்ள வேண்டுமென்பதே நமது ஆசை.